ஜோவின் சொந்த ஆசிரியர்

நான் உள்ளே வந்தபோது வகுப்பில் பன்னிரண்டு பேரும் தலையைக் குனிந்து கொப்பி படித்துக்கொண்டிருந்தார்கள். அதில் நாலு பேர் பிள்ளை பெற்ற தாய்மார். ஒருவர் ஓய்வுபெற்ற தபாற்காரர். வளர்ந்த மனிதர்கள் ஒரே நேரத்தில் இவ்வளவு ஒழுக்கமாக இருந்தால் ஏதோ விஷமம் நடந்து முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

கரும்பலகையைப் பார்த்தேன். வெண்கட்டியால் முத்துமுத்தாக ஒரு வரி எழுதியிருந்தது.

‘ஜோ - ஜோவின் சொந்த ஆசிரியர்.’

வேலணையில், வங்களாவடிச் சந்திக்குக் கிட்ட, ஒரு சங்கத்தின் பழைய கட்டடத்தில் அந்தக் கணினி வகுப்பு நடந்தது. இறுப்பிட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து அங்கே படிப்பித்த ஒரே ஆசிரியர் நான்தான். ஜோ என்பவர் ஊர்காவற்றுறையிலிருந்து வாரத்துக்கு ஒருநாள் வந்து எங்கள் கணினிகளைத் திருத்திக் கொடுப்பவர். அன்று அவர் வருகிற நாள்.

எனக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு நுனி வேர்க்கும். வேர்த்தது.

“ஆர் இதை எழுதினது?”

றெஜினா எழும்பினாள். புருஷன் கடற்றொழில், இரண்டு பிள்ளைகள், வகுப்பிலேயே பெரிய வாய்க்காரி. ஜோவின் ஊர்க்காரியும்கூட.

“எழுதினது நான்தான் ரீச்சர். ஆனா சொன்னது நான் இல்லை. கொம்பியூட்டர் சொன்னது. நான் தமிழாக்கினனான், அவ்வளவுதான்.”

பின்வரிசையில் தபாற்காரர் இருமினார். அது இருமல் இல்லை.

கறுப்புத் திரைப் பெட்டிகள்

எங்கள் கணினிகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல ஏலாது. அவை வெளிநாட்டில் யாரோ கழித்துவிட்டு, எறிய மனமில்லாமல் எங்களுக்கு அனுப்பியவை. புதிய மென்பொருள் எதைப் போட்டாலும் மூச்சுத் திணறி நின்றுவிடும். ஜோதான் அவற்றில் இலவசமான ஓர் இயங்குதளத்தைப் போட்டு உயிர் கொடுத்தார். ஆனால் திரையில் படம் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும். நாம் ஒரு கட்டளையைத் தட்டினால் அது ஒரு மறுமொழி சொல்லும்.

அந்தக் கட்டளைகளின் பெயர்கள் இருக்கின்றனவே, இரண்டு எழுத்து, மூன்று எழுத்து. எங்கள் ஊர்ப் பட்டப்பெயர்கள் போல, ஊர்க்காரன் ஒருவன் சொன்னாலொழிய என்னவென்று விளங்காது.

அதற்குத்தான் ‘வட் இஸ்’ என்று ஒரு கட்டளை இருந்தது. ‘இது என்ன?’ என்பதுதான் அதன் பொருள். அதைத் தட்டி, பக்கத்தில் எந்தக் கட்டளையின் பெயரைப் போட்டாலும், அது என்ன செய்யும் என்று ஒரே வரியில் சொல்லிவிடும். இன்டர்நெட் வேண்டாம். எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்கும். தீவுப்பகுதியில் இது பெரிய விஷயம். எங்கள் இன்டர்நெட் காற்றடித்தால் போய்விடும், மழை பெய்தாலும் போய்விடும், சில நாட்களில் சும்மாவும் போய்விடும்.

நான் ஒரு வழக்கம் வைத்தேன். காலையில் வந்ததும் ஆளுக்கொரு கட்டளையைப் பிடித்து ‘வட் இஸ்’ கேட்கவேண்டும். அது சொல்வதைத் தமிழில் ஒரே வரியில் கொப்பியில் எழுதவேண்டும். நல்ல வரி கரும்பலகைக்குப் போகும். ஒரு வரிக்கு மேல் ஒரு சொல்லும் கூடாது. ஒரு விஷயத்தை மூன்று தரம் சொல்லாமல் விடாத நான் மற்றவர்களுக்கு இப்படிச் சட்டம் போட்டது அநியாயம்தான்.

‘ட்ரூ’ என்று ஒரு கட்டளை. அதற்குப் பெட்டி சொன்ன விளக்கம்: ‘ஒன்றும் செய்யாது, வெற்றிகரமாக.’

“ரீச்சர், இது என்ர மனுசன்,” என்றாள் ஒருத்தி.

‘யெஸ்’ என்று இன்னொன்று. ‘கொல்லப்படும்வரை ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும்.’

“இது என்ர மாமி,” என்றாள் றெஜினா. அன்றைக்கு முழுக்கப் பாடம் நடக்கவில்லை.

பொருத்தமில்லை

இல்லாத ஒரு பெயரைக் கொடுத்தால் ‘வட் இஸ்’ என்ன சொல்லும்? ‘நொதிங் அப்ரோப்ரியேற்’ என்று சொல்லும். பொருத்தமானது ஒன்றும் இல்லையாம். நான் கரும்பலகையில் இடம் போதாமல் சுருக்கி ‘பொருத்தமில்லை’ என்று எழுதிவிட்டேன். அது நான் செய்த பிழை.

யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு.

இரண்டு நாளில் வகுப்பு கலியாணத் தரகர் வீடாகிவிட்டது. குமர்ப்பிள்ளைகள் தங்கள் பெயரைத் தட்டினார்கள். பொருத்தமில்லை. பேசிவந்த மாப்பிள்ளைமாரின் பெயரைத் தட்டினார்கள். பொருத்தமில்லை. மண்கும்பானிலிருந்து வரும் ஒரு தாய் தன் மகளுக்குக் கலியாண எழுத்து முடிந்த மாப்பிள்ளையின் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை. தேடிப் போனால், மனுசிக்குக் காய்ச்சல்.

“அம்மா, அது மனுசரைப் பற்றிச் சொல்லேல்லை. அந்தப் பேரில அதுக்குள்ள குறிப்பு இல்லை எண்டுதான் சொல்லுது,” என்று விளக்கினேன்.

அவருக்கு முகம் வெளித்தது. “அப்ப குறிப்பைக் குடுத்தால் பாக்குமோ பிள்ளை?”

எங்கள் ஊரில் சாதகத்துக்கும் குறிப்பு என்றுதான் பெயர். அதை நான் மறந்துபோனேன். உண்மையில் நான் மறக்கக்கூடிய ஆள் இல்லை. என் குறிப்பில் எட்டில் செவ்வாய். முப்பத்தாறு வயதுக்குள் ‘பொருத்தமில்லை’ என்ற சொல்லை நான் கேட்ட அளவு அந்தப் பன்னிரண்டு பெட்டியும் சேர்ந்து சொல்லியிராது. சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். கேட்ட நாட்களில் சிரிக்கவில்லை.

அந்தக் கிழமைதான் கனடாவிலிருந்து அண்ணா ரெலிபோன் எடுத்தார். பத்தில் எட்டுப் பொருத்தம். மாப்பிள்ளைக்கும் செவ்வாய். நல்ல குடும்பம், எங்கள் ஆக்கள். வெள்ளிக்கிழமைக்குள் மறுமொழி சொல்லவேண்டும்.

“இனி இதை விட்டால் வராது,” என்றார் அண்ணா. அவர் சொன்னதில் பிழை இல்லை.

அகராதி செய்த வேலை

இப்போது கரும்பலகைக்கு வருவோம். அது ஒரு செவ்வாய்க்கிழமை.

எல்லாருடைய பெயருக்கும் பொருத்தமில்லை என்று வந்து அலுத்துப்போன றெஜினா, கடைசியில் ஜோவின் பெயரைத் தட்டியிருக்கிறாள். ஜே, ஓ, ஈ. பெட்டி உடனே மறுமொழி சொல்லியிருக்கிறது. ‘ஜோவின் சொந்த எடிற்றர்.’

உண்மையில் அது எழுத்தைத் தட்டித் திருத்துகிற ஒரு மென்பொருள். கடல் கடந்த நாட்டில் ஜோ என்ற பெயருடைய யாரோ ஒருவர் எழுதித் தன் பெயரையே வைத்துவிட்டார். றெஜினாவுக்கு அது எப்படித் தெரியும்? வகுப்பில் கிடந்த ஆங்கில அகராதியைப் புரட்டினாள். எடிற்றர் என்றால் பத்திராதிபர், ஆசிரியர் என்று போட்டிருந்தது.

“ஜோ அண்ணை பேப்பர் நடத்தேல்லைத்தானே ரீச்சர்? அப்ப பத்திராதிபர் சரிவராது. ஆசிரியர்தானே மிச்சம்?”

இலக்கணத்தில் பிழை பிடிக்க ஏலாத விளக்கம். வகுப்பில் இருந்த ஒரே ஆசிரியர் காது சிவந்து நின்றார். துணியை எடுத்துக்கொண்டு அழிக்கத் திரும்பினால், வாசலில் ஜோ.

கடலுக்கு ஒத்துவராத மனிதர்

ஜோவின் தகப்பன், தமையன்மார் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். அவருக்கு மட்டும் வள்ளத்தில் ஏறினால் வயிற்றைப் பிரட்டி ஓங்காளம் வரும். கரையில் விட்டுவிட்டார்கள். அவர் கரையில் இருந்து றேடியோ, ரெலிபோன், இயந்திரம் என்று எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டப் பழகி, இறங்குதுறைக்குக் கிட்ட ஒரு கடையும் போட்டார். கணினியை யாரிடமும் படிக்கவில்லை. ஒவ்வொரு கட்டளையாக ‘இது என்ன, இது என்ன’ என்று பெட்டியிடமே கேட்டுக் கேட்டுப் படித்தவர்.

வந்தால் சத்தம் கேட்காது, போனாலும் கேட்காது. ஒன்றரை வருஷத்தில் அவர் என்னோடு கதைத்ததை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். நான் அவரோடு கதைத்ததற்கு ஒரு கொப்பி முழுவதும் போதாது.

அவர் கரும்பலகையைப் பார்த்தார். திரும்ப ஒருமுறை வாசித்தார். கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டு வந்தது.

“அழிக்க வேண்டாம் ரீச்சர்,” என்றார் மெதுவாக. பிறகு பையைத் தூக்கிக்கொண்டு மூலையில் இருந்த கணினியிடம் போய்விட்டார். றெஜினா மேசைக்கடியில் பக்கத்துக்காரியின் கையைக் கிள்ளியதை நான் பார்த்தேன்.

வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் நான் அவரிடம் போனேன்.

“அந்த மொழிபெயர்ப்புப் பிழை.”

“ஓம். பிழைதான்.”

“அந்த மென்பொருளை நான் கேக்கேல்லையே. ஆர் போட்டது?”

“நான்தான் போட்டனான்.” திருப்புளியைக் கீழே வைத்தார். “ஒருநாளைக்கு நீங்கள் தேடிப் பாப்பீங்கள், என்ர பேர் வரும், சிரிப்பீங்கள் எண்டு நினைச்சனான். ஆசிரியர் எண்டு வருமெண்டு சத்தியமா நினைக்கேல்லை.”

அவ்வளவுதான் சொன்னார். நான்தான் தொடங்கினேன். அண்ணா, கனடா, எட்டுப் பொருத்தம், வெள்ளிக்கிழமை, அம்மா தனிய இருப்பது, என் வயது, என் செவ்வாய். சொன்னதையே திரும்பச் சொன்னேன். அவர் இடையில் ஒரு சொல் சொல்லவில்லை. நான் நிறுத்திய பிறகும் கொஞ்சம் பொறுத்தார், இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பவர்போல.

பிறகு கேட்டார்: “நீர் என்ன சொல்லுறீர்?”

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நீங்கள் என்பது தூரத்து மரியாதை. நீ என்பது சின்னவர்களுக்கு. இரண்டுக்கும் நடுவில் நீர் என்று ஒன்று இருக்கிறது. சமமானவர்கள், நெருங்கியவர்கள் சொல்வது. வீடுகளில் புருஷன் மனைவியைக் கூப்பிடுவது. ஒன்றரை வருஷமாக நீங்கள் என்று சொன்ன மனிதர் அன்று அந்த ஒரு சொல்லால் எனக்குக் கிட்ட வந்துவிட்டார்.

அதற்கு நான் சொன்ன மறுமொழி: “பஸ் வந்திட்டுது.”

பஸ் வரவில்லை. அரை மணித்தியாலம் சந்தியில் நின்றேன். எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

ஒரு வரியில் சொல்லு

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலாது. எனக்கு முந்திய பஸ்ஸிலேயே கரும்பலகை வரி இறுப்பிட்டிக்குப் போய்விட்டது. அம்மா அன்று ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை, குசினியில் அரிசி களைந்துகொண்டு நின்றபோது கேட்டார்.

“ஆரடி அந்த ஜோ?”

“அது ஒரு பகிடியெணை. பெட்டையள் சும்மா...”

“நான் பகிடியைக் கேக்கேல்லை. ஆளைக் கேட்டனான்.”

நான் முதல்நாள் பஸ்ஸுக்குள் இருந்து இதைத்தான் யோசித்திருந்தேன். கொப்பியில் எழுதியும் பார்த்தேன். ‘ஜோ - கணினி திருத்துபவர்.’ அது தொழில். ‘ஜோ - ஊர்காவற்றுறைக் கடற்றொழில் குடும்பத்துப் பிள்ளை.’ அது தகப்பனைப் பற்றியது. ‘ஜோ - நல்லவர்.’ செத்தவீட்டுக்குச் சொல்கிற சொல். ஊருக்கெல்லாம் ஒரு வரி எழுதச் சொல்லிக் கொடுத்த எனக்கு அந்த ஒரு வரி வரவில்லை.

“அவை வேதக்காரர் எண்டு கேள்வி,” என்றார் அம்மா. கிறிஸ்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

“ஓம்.”

“மற்றதும் இருக்கு.” அந்த மற்றது என்னவென்று எங்கள் ஊரில் வாயால் சொல்வதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

“இருக்கு.”

“கொண்ணன் கனடாவில தலை காட்ட ஏலாது எண்டுவான். கோயிலடியில நான் தலை காட்ட ஏலாது. அப்பிடி என்ன ஆள் அவன்? சுத்தி வளைக்காம ஒரு வரியில சொல்லு. எனக்கு உலை கொதிக்குது.”

நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யோசிக்காமல் வந்தது.

“நான் சொல்லி முடிக்கும்வரைக்கும் கேக்கிற ஆளெணை.”

அம்மா அரிசியை உலையில் போடவில்லை. அரிசிச் சட்டியும் கையுமாக நின்றார்.

“கொப்பர் நல்ல மனுசன்,” என்றார். “ஒரு குறை சொல்ல ஏலாது. ஆனா இருபத்தாறு வருஷத்தில ஒருநாள்கூட நான் ஒரு கதையைச் சொல்லி முடிச்சது கிடையாது. எல்லாத்துக்கும் ‘தெரியும், தெரியும்’ எண்டிடுவார்.”

அப்பா இறந்து வெகுகாலம். அம்மா அவரைக் குறையாகச் சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அழவேண்டும்போல் இருந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வெளிக்கிட்டுவிட்டேன்.

பழுதுபட்ட கிரைண்டர்

வியாழக்கிழமை பின்னேரம் வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தால் வீடு பூட்டியிருந்தது. அம்மா தனியப் பஸ் ஏறுகிற ஆள் இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டேன். காலமை ஒரு பையோடு போனவ என்றார்கள். அண்ணாவுக்கு ரெலிபோன் எடுக்க வெளிக்கிட்டபோது, ஒழுங்கைத் திருப்பத்தில் அம்மா வருவது தெரிந்தது. நல்ல சேலை உடுத்திருந்தார். கையில் பனையோலைப் பை, அதற்குள் எங்கள் வீட்டுச் சின்னக் கிரைண்டர்.

“எங்கை போனனீங்கள்?”

“இது பழுதெல்லே. திருத்தப் போனனான்.”

“எங்கை?”

“ஊர்காவற்றுறைக்கு.” பையை இறக்கிவைத்தார். “வங்களாவடியில இறங்கி மற்ற பஸ் எடுத்தனான். இறங்குதுறைக்குக் கிட்டத்தான் கடை. ஆரைக் கேட்டாலும் காட்டுவினம்.”

நான் பைக்குள் எட்டிப் பார்த்தேன்.

“கிரைண்டர் நேற்று வேலை செய்ததேயம்மா.”

“செய்தது. நான்தான் உள்ளுக்கை வயரைக் கழட்டினனான்.” சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. “அவன் திறந்து பாத்தவன். அவனுக்கு விளங்கிட்டுது. ஒண்டும் சொல்லேல்லை. கதிரையைத் துடைச்சுப் போட்டான், தேத்தண்ணி எடுப்பிச்சான். பிறகு நான் கதைச்சனான்.”

“என்ன கதைச்சனீங்கள்?”

“சண்டையில தீவை விட்டு எல்லாரும் வெளிக்கிட்ட கதை. வள்ளத்தில உன்னை மடியில வைச்சுக்கொண்டு போனது. அந்த இரவு நடந்தது எல்லாம்.”

அந்தக் கதையை அம்மா எத்தனையோ தரம் தொடங்கியிருக்கிறார். வள்ளத்தில் ஏறியதுவரை எனக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. ஒவ்வொரு முறையும் நான், “தெரியுமெணை, நூறு தரம் சொல்லிட்டீங்கள்,” என்று வெட்டிவிடுவேன். ஒருமுறைகூட அவர் முடிக்கவில்லை. அப்பாவைப் பற்றி அம்மா சொன்னது என்னையும் சேர்த்துத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. பெற்ற தாய் தன் கதையைச் சொல்லி முடிக்க, இரண்டு பஸ் மாறி, வயரைக் கழற்றிக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவரிடம் போயிருக்கிறார். வெட்கத்தில் எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“முழுக்கச் சொன்னீங்களோ?”

“முழுக்கச் சொன்னனான். ரெண்டு மூண்டு பேர் சாமான் திருத்த வந்தவை. அவையைப் பிறகு வரச்சொல்லிப்போட்டான். கதை முடிஞ்சாப்பிறகும் கொஞ்சநேரம் பேசாம இருந்தவன். பிறகுதான் வயரைப் பூட்டினவன்.” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். “கண் கலங்கிட்டுது அவனுக்கு.”

“எனக்கும் சொல்லுங்கோவனம்மா.”

“திரும்ப ஒருக்காச் சொல்ல ஏலாது இப்ப. களைச்சுப்போனன்.” அம்மா எழும்பிக் குசினிக்குள் போனார். உள்ளே இருந்து குரல் வந்தது. “கொண்ணனுக்கு நாளைக்கு நான் கதைக்கிறன். நீ கதைச்சால் கத்துவாய். ஞாயிற்றுக்கிழமை அவனை இஞ்ச சாப்பிட வரச்சொல்லு. பூசை முடிஞ்ச கையோட வரட்டும்.”

எங்கள் வீட்டில் பூசை என்றால் பிள்ளையார் கோயில் பூசைதான். அவர்களுடைய கோயிலில் நடப்பதற்கும் அந்தச் சொல்லை அம்மா கொடுத்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

முற்றத்தில் நின்று ரெலிபோன் எடுத்தேன். அவர் எடுத்தார், வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார்.

“ஞாயிற்றுக்கிழமை பூசை எத்தினை மணிக்கு முடியும்?” என்றேன்.

“எட்டரைக்கு. ஏன்?”

“அம்மா கேக்கச் சொன்னவ. சாப்பிட வரட்டாம்.”

நான் அழுதுகொண்டிருந்தேன்.

“விடிய முதல் பூசை ஒண்டு இருக்கு,” என்றார். “அதுக்குப் போறன். அது ஆறரைக்கே முடிஞ்சிடும்.”